நாயுடம்மா பிடித்த அளவுகோல்

ஆம்பூர் சென்றிருந்தோம். இரயிலை விட்டு இறங்கியதும் பிரியாணி மணம் ஒருபுறம், தோல் வாடை மறுபுறம். இரண்டையும் சேர்த்தே சுவாசித்துப் பழகிய ஊர் அது. கூட்டம் முடிந்து, காலணித் தொழிற்சாலையிலே வேலை பார்க்கும் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அவர் ஓர் ஐயம் எழுப்பினார். அவருடைய பிரிவிலே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார்களாம். அதிலே நான்கு கட்டங்கள். இன்றைய இலக்கு எத்தனை ஜோடி, முடிந்தது எத்தனை ஜோடி, கழிக்கப்பட்டது எத்தனை, வேலைக்கு வராதவர் எத்தனை பேர். பலகையின் தலைமாட்டில் லீன் என்றும், கைசன் என்றும், ஐந்து எஸ் என்றும் எழுதியிருக்கிறதாம். இந்த மந்திரங்களுக்குப் பொருள் என்ன, இவை நம்மை வாழவைக்க வந்தவையா, வாட்டி எடுக்க வந்தவையா என்று கேட்டார்.

மந்திரம் என்றாலே நமக்கு ஓர் ஐயப்பாடு உண்டு. புரியாத மொழியில் ஓதப்படுவது யாருடைய நலனுக்காக ஓதப்படுகிறது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆனால் இந்தச் சொற்கள் கோவிலிலே பிறந்தவை அல்ல, பட்டறையிலே பிறந்தவை. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்றொரு தச்சர் மகன், நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும்படி பொறியமைத்தார். அறுந்த நூலோடு தறி ஓடினால் துணி பாழ். பாழாகாமல் காக்க மனிதன் இமை கொட்டாமல் காவல் நிற்கவேண்டும். அந்தக் காவலிலிருந்து மனிதனை விடுவித்த பொறி அது. 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி உலகெங்கும் பேசப்பட்டது. 1930-ல் அவர் மறைந்தார். அவர் மகன் தொடங்கிய மோட்டார் தொழிற்சாலையிலே, தைச்சி ஓனோ என்ற பொறியாளர் அதே கருத்தைக் கார் செய்யும் வரிசைக்குக் கொண்டுவந்தார். குறை கண்ட தொழிலாளி, எவ்வளவு சாதாரண வேலையில் இருப்பவராயினும், ஒரு கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம்! நின்றதும் ஏன் இந்தக் குறை, அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து அடுக்குக் கேட்டு அடிவேர் வரை தோண்டவேண்டும். வீணான இருப்பு, வீணான நடை, வீணான காத்திருப்பு, செய்ததையே திரும்பச் செய்தல், இவற்றைச் சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டும். இந்த முறைக்குத்தான் 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் லீன் என்று பெயரிட்டார். ஊளைச்சதை இல்லாத உடல் என்று பொருள் கொள்ளலாம். கைசன் என்றால் நன்மை நோக்கிய மாற்றம். ஐந்து எஸ் என்பது வேலையிடத்தைத் தரம் பிரித்து, அடுக்கி, துப்புரவாக்கி, அதையே வழக்கமாக்கச் சொல்லும் ஐந்து ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்து.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தோழர் சொன்னார், பலகை வந்துவிட்டது, கயிறு மட்டும் வரவில்லை என்று! நாம் நாள் முழுவதும் மேடையிலே பேசியதைவிட அந்த ஒரு வாக்கியம் கனமானது. ஊளைச்சதையைக் குறைக்கிறேன் என்று கத்தியை எடுப்பவன், நல்ல சதையை அரிந்துவிட்டால்? எதைக் குறைப்பது என்பதை முடிவு செய்வது எது? எதை அளக்கிறோமோ அதுதான். ஜோடியை மட்டும் அளந்தால், ஜோடி குறையும்போது மட்டும்தான் குறை தெரியும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஜப்பானுக்குக் கப்பலேறத் தேவையில்லை. ஆம்பூரின் தோலை அறிந்த, ஆம்பூரின் தோலுக்காகவே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் சென்னை அடையாற்றிலே வாழ்ந்தார். ஏலவர்த்தி நாயுடம்மா என்பது அவர் பெயர். காதுக்குப் பெண்பாற் பெயராக ஒலிக்கும், ஆடவர்தான். 1922 செப்டம்பர் 10-ல், குண்டூர் மாவட்டத்தில் தெனாலியை அடுத்த ஏலவர்ரு என்ற சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே தொழில் வேதியியல் படித்தார். பட்டம் கையில் கிடைத்ததும் வடக்கே சர்க்கரை ஆலை உண்டு, சாயப் பட்டறை உண்டு, சோப்புத் தொழிற்சாலை உண்டு. அவரோ சென்னைக்கு வந்து, தோல் தொழிற்கல்விக் கூடத்திலே சேர்ந்தார்.

தோலா? என்று அந்நாளிலே முகம் சுளிக்காதவர் யார்? செத்த மாட்டைத் தொட்டவன் தீட்டு. உரித்தவன் தீட்டு. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன் தீட்டு. ஆனால் அதே தோல் பதனிடப்பட்டு, மெருகேறி, செருப்பாகிக் கோவில் வாசல் வரை போகும். பணமாகி உள்ளேயும் போகும். பணத்துக்கு மட்டும் தீட்டில்லை! நிலபுலம் உள்ள குடியில் பிறந்து, காசியிலே கற்றுவந்த ஓர் இளைஞர், அந்தக் குழியின் ஓரத்திலே நின்று, இதுவே என் படிப்பு, இதுவே என் தொழில் என்று ஏற்றது சாதி முறையின் கன்னத்தில் சத்தமில்லாமல் விழுந்த அறை. அவர் அந்த நோக்கத்தோடு செய்தாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். செய்தார், அது போதும்.

பின்னர் கடல் கடந்தார். இங்கிலாந்தில், காலணி நகரமென்று பெயர்பெற்ற நார்தாம்ப்டனில் பயின்றார். அமெரிக்காவிலே பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவர் துருவியது ஒரு நுண்ணிய கேள்வி. பச்சைத்தோலை அழுகாத தோலாக்குகிறதே குரோமியம், அது தோலின் புரதத்திலே எந்த இடத்தில் போய்ப் பற்றிக்கொள்கிறது? ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிடவேண்டாம். பழைய முறையிலே டிரம்மில் போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலிலே ஏறும். மிச்சம் தண்ணீரோடு வெளியேறும். எங்கே பற்றுகிறது என்று தெரிந்தால்தான், ஏன் பற்றாமல் ஓடுகிறது என்று தெரியும். விரயத்தின் வேரைத் தேடும் வேலை அது. அவர் அதை ஆய்வுக் குடுவைக்குள் தொடங்கினார்.

இங்கே, 1948 ஏப்ரலில் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. அதற்குச் சற்று முன்னே, 1947-48 குளிர்காலத்தில், உற்பத்தியின் தரத்தைப் புள்ளிக் கணக்கால் கண்காணிக்கும் வரைபடத்தை 1924-லேயே வகுத்த வால்ட்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர், மகலனோபிஸ் அழைப்பிலே இந்தியாவுக்கு வந்து போயிருந்தார். டொயோடாவின் புகழ் பரவுமுன்பே அளந்து திருத்தும் கலை நம் வாசற்படியை மிதித்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறோம். ஏனோ நாம் எதையும் வெளிநாட்டுச் சுற்று சுற்றி, கோட்டு மாட்டி வந்தால்தான் எழுந்து நின்று வரவேற்கிறோம்.

நாயுடம்மா திரும்பி வந்து அந்த நிலையத்தில் பணியேற்று, 1958-ல் அதன் இயக்குநரானார். வயது 36. 1971 வரை பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பொறுப்பிலே இருந்தார். ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து தொழிலை உள்ளே அழைத்ததும், ஆய்வாளரைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பியதும் அவர் காலத்துச் சிறப்பு. ஆண்டுதோறும் தோல் பதனிடுவோரும் அறிவியலாளரும் ஒரே பந்தலிலே கூடிப் பேசும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து தோல் தொழில்நுட்பப் பட்டதாரிகளை உருவாக்கின. வட்டாரந்தோறும் விரிவாக்க மையங்கள் ஏற்பட்டன.

தொழிற்கூடத்தில் நிலைமை என்ன? ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களிலே, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் இலண்டன் சந்தையிலே பெயர் வாங்கியிருந்தது. அந்தப் பெயரை வாங்கித் தந்தவர் யார்? முதலாளியின் பேரேடு அல்ல, மேஸ்திரியின் கட்டைவிரல். தோலை அழுத்திப் பார்த்து, ஊறல் போதும் என்பார். சாற்றைத் தொட்டுப் பார்த்து, பட்டை போதாது என்பார். பிசகாது. ஆனால் அந்த விரலுக்குரியவர் நோயில் படுத்தால் அறிவும் உடன் படுத்துவிடும். சாற்றின் செறிவை அளக்கும் பார்க்கோமீட்டரும், வெப்பமானியும், காரமா அமிலமா என்று காட்டும் தாளும் செய்த உதவி இதுதான். கைப்பக்குவத்தை எண்ணாக்கிவிட்டால் இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிடலாம், ஒப்பிட்டால் திருத்தலாம், புதிதாக வந்த பையனுக்கும் கற்றுக்கொடுக்கலாம். மேஸ்திரியின் விரலை இகழ்ந்து வந்த எண் ஒரு வகை. அந்த விரலிடம் கற்றுக்கொண்டு வந்த எண் இன்னொரு வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இனி, தோழர்கள் நன்கு அறிந்த கட்டிங் மேசைக்கு வருவோம். ஒரு தோல் விரிக்கப்படுகிறது. நடுவிலே ஒரு கீறல். அந்த இடத்தை ஒதுக்கித்தான் அச்சு வைத்து வெட்டவேண்டும். அந்த அளவு தோல் வீண். மாலையிலே பலகையில் கழிவு கூடிற்று என்று எழுதுகிறார்கள். பழி யார்மீது? வெட்டியவர்மீது. இங்கேதான் ஏன் என்று கேட்கவேண்டும். கீறல் ஏன்? உரிக்கும்போது கத்தி பட்டது. கத்தி ஏன் பட்டது? தோல் உரிப்பதற்கென்று வளைந்த வாயுள்ள கத்தி அவரிடம் இல்லை. வீட்டிலிருந்த கூர்முனைக் கத்தியால் உரித்தார். அந்தக் கத்தி ஏன் இல்லை? வாங்கிக் கொடுப்பாரில்லை, பழக்கிக் காட்டுவாரில்லை. ஏன் இல்லை? கீறலில்லாத தோலுக்கென்று அவர் கையில் ஒரு காசு கூடுதலாகத் தருவாரில்லை. இடைத்தரகர் மொத்தமாக ஒரு விலை பேசி முடித்துவிடுவார். அது ஏன்? அவர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர். விலை பேசும் உரிமை அவருக்கு எப்போது இருந்தது? ஐந்தாவது ஏன் எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா? ஆம்பூர்த் தொழிற்சாலையிலே புறப்பட்ட கேள்வி, சேரியின் எல்லையிலே போய் நிற்கிறது!

நாயுடம்மா காலத்து நிலையத்தின் பார்வை அதுவரை எட்டியது என்பதே நாம் அவரை நினைவுகூரும் காரணம். தோல் கெடுவது டிரம்மிலே அல்ல. மாட்டின் உயிர் போன இடத்திலேயே, ஏன், உயிரோடிருக்கும்போதே கெடத் தொடங்கிவிடுகிறது. முள்வேலி கிழித்த தழும்பு, சூடு போட்ட தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, உரிப்புக் கத்தியின் வெட்டு, உப்பிடத் தாமதித்ததால் வந்த அழுகல். இவற்றை எந்தப் பெரிய இயந்திரமும் பின்னர் நீக்கித் தராது. ஆகவே, சரியாக உரிப்பது, காலத்தில் உப்பிடுவது, இறந்த மாட்டின் எலும்பையும் கொழுப்பையும் இறைச்சியையும்கூட உரமாகவும் தீவனமாகவும் மாற்றுவது என்று, கிராமத்துத் தோல் உழைப்பாளியிடமிருந்தே வேலை தொடங்கப்பட்டது. அறிவியல் என்றால் ஏழையின் கைக்கு எட்டவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

ஒரு கணக்கு. 1000 கிலோ உப்பிட்ட பச்சைத்தோல் கூடத்துக்குள் போனால், பதனிட்ட தோலாக வெளியே வருவது ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ. மிச்சம் எங்கே? சீவிய சதை, நறுக்கிய ஓரம், உதிர்ந்த மயிர், தண்ணீரில் கரைந்தது. சதையும் ஓரமும் பசையாகும், ஜெலட்டின் ஆகும். மயிருக்கும் வேலை உண்டு. வெளியே வந்ததை மட்டும் எடைபோடுகிறவனுக்கு இது தெரியாது. உள்ளே போனதையும் எடைபோட்டவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த கேள்வி, எடையா, மதிப்பா? நாடு விடுதலை பெற்ற பின்னும் நெடுங்காலம், நாம் பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் கப்பலேற்றிக்கொண்டிருந்தோம். கப்பல் நிறையத் தோல் போகும், வணிகர் மகிழ்வார், அங்கே அது காலணியாகி, பன்மடங்கு விலை பெறும். அந்த மடங்குகளெல்லாம் யாருடைய வேலை? நம் வீட்டுப் பெண்களும் இளைஞர்களும் செய்திருக்கக் கூடிய வேலை! தோலை அனுப்பாதே, செருப்பாக்கி அனுப்பு என்ற கொள்கைக்காக நாயுடம்மா வாதாடினார். 1972-ல் சீதாராமையா குழு அந்தத் திசையிலே பரிந்துரை தந்தது. அடுத்த ஆண்டு பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாதி பதனிட்ட தோலுக்கு அளவு வரம்பு வந்தது. இன்று ஆம்பூரில் காலையிலே பேருந்து பேருந்தாகத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களைப் பார்க்கிறோமே, அந்தக் காட்சிக்குப் பின்னாலே இந்த மாற்றம் இருக்கிறது.

புகழ்ந்துவிட்டோம். இனி மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதுவதும் மாலை போடுவதும் ஒரே வேலையல்ல. ஏற்றுமதிக் கணக்கு ஏறியபோது, பட்டைத் தோல் பின்னுக்குப் போய்க் குரோமியத் தோல் முன்னுக்கு வந்தது. கழிவுநீர் பற்றிய ஆய்வுகள் அவர் நாளிலேயே நிலையத்தில் நடந்தன. ஆயினும் தொழிலின் அன்றாடப் பேரேட்டிலே பாலாற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படவில்லை. அளக்கப்படாதது வளர்ந்தது. கிணறு உவர்த்தது, தென்னை கருகியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதுதான், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்ற எண் உலகுக்குத் தெரிந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்ற எண்ணும் அதே தீர்ப்பிலே இருக்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்டவேண்டும் என்றார்கள் நீதிபதிகள். 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக, அதே நீதிமன்றம் இழப்பீடு பற்றியும் கண்காணிப்புக் குழு பற்றியும் ஆணையிட நேர்ந்தது. இடையிலே, 2015 ஜனவரி இறுதியில், இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். வேறு மாநிலத்திலிருந்து வயிற்றுக்காக வந்தவர்கள் அவர்களிலே பலர். அந்தத் தொட்டியில் எவ்வளவு கழிவு சேர்ந்தது, சுவர் எவ்வளவு தாங்கும் என்ற எண்ணை, எந்தப் பலகையில், யார் எழுதியிருக்கவேண்டும்?

இவையெல்லாம் நேர்ந்தபோது நாயுடம்மா இல்லை. 1971-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், அதே ஆண்டு நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராகித் தில்லி சென்றார். 1977 வரை அங்கே இருந்தார். அந்நாளில் கரீம்நகர் என்ற பின்தங்கிய மாவட்டத்தைத் தேர்ந்து, ஆய்வுக்கூடங்கள் அறிந்ததை அந்த மாவட்டத்து மக்களின் தேவைக்குப் பயன்படுத்தும் திட்டத்தை நடத்தினார். தலைமைப் பதவி முடிந்ததும் மீண்டும் அடையாற்றுக்கே திரும்பினார். 1981-82-ல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். வளரும் நாடுகளின் அறிவியல் முன்னேற்றத்துக்கான உலகக் குழுவையும் சென்னையிலிருந்தே வழிநடத்தினார். ஆந்திராவிலே பிறந்தவர், ஆனால் உழைத்த ஊர் சென்னை, உழைப்பின் பயன் கண்ட ஊர்களிலே முன்னிற்பது பாலாற்றங்கரை.

1985 ஜூன் 23. கனடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், வானிலே, கனிஷ்கா விமானம் வெடிகுண்டுக்கு இரையாயிற்று. அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். அவர்களிலே ஒருவர் நாயுடம்மா, வயது 62.

இந்த வரலாற்றைத் திண்ணையிலே அந்தத் தோழரிடம் சொல்லி முடிக்கையிலே இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. சென்ற வாரம் அவர் தொலைபேசியில் பேசினார். பிரிவுக் கூட்டத்தில் எழுந்து, பலகையிலே ஐந்தாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டாராம். வேலை செய்பவர்கள் சுட்டிக்காட்டிய குறை எத்தனை, அதிலே தீர்த்துவைத்தது எத்தனை என்று எழுதுவதற்கு. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாராம் சூப்பர்வைசர். தோழர் விடவில்லை. மேலே கேட்பதைக் கேளுங்கள், கோடு போடுவதற்கு உத்தரவு எதற்கு என்று பேனாவை வாங்கி, கட்டத்தை மட்டும் வரைந்துவிட்டு வந்தாராம். மறுநாள் காலையில் பார்த்தபோது, பலகையிலே பழைய எண்களை அழித்துப் புதிதாக எழுதியிருந்தார்கள். ஐந்தாவது கட்டத்தின் கோட்டை யாரும் அழிக்கவில்லை. உள்ளே எதுவும் எழுதவும் இல்லை. அடுத்த கூட்டம் திங்கட்கிழமை.